ஈர்க்குக் கட்டும் எழுத்துச் சீட்டும்: யாழ்ப்பாணத்துத் தரம் 2 வகுப்பொன்றில் ஒரு தவணை

பின்னணி

வலிகாமத்தில் தோட்டக் காணிகளுக்கு நடுவே இருக்கும் சிறிய பாடசாலை அது. தரம் 1 முதல் 5 வரை மட்டும் உண்டு. நான் தரம் 2 வகுப்பாசிரியை. அந்த ஆண்டு என் வகுப்பில் 22 பிள்ளைகள். பெற்றோரில் அநேகர் தோட்டம் செய்பவர்கள். சிலர் மேசன் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு பிள்ளையின் தாய் சந்தையில் கிழங்கும் கீரையும் விற்பவர். இங்கே எழுதுவது முதலாம் தவணையில் நடந்தது. பிள்ளைகளையும் பாடசாலையையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

இலங்கையில் 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2 இரண்டையும் முதலாம் முதன்மை நிலை என்று வகுத்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று கற்றல் மூன்று வழியாக நடக்க வேண்டும், இந்தச் சின்ன வயதில் முதல் இரண்டுக்கும் கூடிய இடம் கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆரம்பக்கல்வி ஆசிரியர்களுக்கு இது மனப்பாடம். எனக்கும்தான்.

ஆனால் என் வகுப்பறையில் நடந்தது வேறு. கணித பாடத்தில் புளியங்கொட்டையோ சிப்பியோ கொடுப்பேன். பிள்ளைகள் எண்ணுவார்கள். பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, கொப்பியில் கணக்கு. தமிழ் பாடத்தில் கரும்பலகையில் நாலைந்து வசனம் எழுதுவேன். அவர்கள் பார்த்து எழுதுவார்கள். கணிதமும் தமிழும் ஒன்றையொன்று தொட்டதே இல்லை. பல வருடம் அப்படியே போனது.

முதலில் கண்டவை

பொங்கல் முடிந்த கிழமை, இரண்டு இலக்க எண்கள் பத்துச் சொல்லி அவற்றை எழுதச் சொன்னேன். வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே மாதிரியான பிழையை விட்டிருந்தார்கள். இருபத்துமூன்றுக்கு 203. நாற்பத்தேழுக்கு 407. பத்தொன்பதுக்கு 109. தொண்ணூற்று நான்குக்கு 104 என்று சிலர் எழுத, ஒரு பிள்ளை 1004 என்று எழுதியிருந்தது.

எண்ணச் சொன்னபோது இன்னொன்று கவனித்தேன். இருபத்தொன்பது வரை ஓட்டமாக வந்த பிள்ளைகளில் மூன்று பேர், அதற்கு அடுத்து "இருவத்துப்பத்து" என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது சிரிக்கிற விசயமாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் ஒரு ஒழுங்கைக் கண்டுபிடித்து அதன்படிதான் போயிருக்கிறார்கள். பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு புதிய பத்து ஆகிவிடும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

எழுத்துப் பக்கத்தில் நிலைமை இன்னும் கவலை தந்தது. "நேற்று வீட்டில் செய்த ஒரு வேலையைப் பற்றி இரண்டு வசனம் எழுதுங்கோ" என்றேன். கொப்பியில் முத்து முத்தாக எழுதும் ஒரு பெண்பிள்ளை, "இது பசு. பசு பால் தரும்." என்று எழுதித் தந்தாள். முதல் நாள் கரும்பலகையில் நான் எழுதிப்போட்ட வசனங்கள் அவை. அவளைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர். பார்த்து எழுத எல்லோருக்கும் தெரியும். தனக்குத் தெரிந்ததை எழுத்தாக்க அநேகருக்குத் தெரியாது.

203 எங்கிருந்து வந்தது

பரிகாரக் கற்பித்தல் என்று சொல்லி அந்தப் பத்து எண்களையும் திரும்பத் திரும்ப எழுதவைப்பதுதான் என் பழைய வழக்கம். இந்த முறை அதற்கு முன்னால் பிழைகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன்.

நான் இருபத்துமூன்று என்று சொல்கிறேன். பிள்ளை முதலில் இருபதைக் கேட்கிறது, 20 எழுதுகிறது. பிறகு மூன்றைக் கேட்கிறது, 3 எழுதுகிறது. 203. காது கேட்டதைக் கை பிசகாமல் எழுதியிருக்கிறது. பிள்ளைக்கு இல்லாதது ஒன்றே ஒன்று: 2 என்ற இலக்கம் நிற்கும் இடத்தாலேயே இருபது ஆகிவிடுகிறது என்ற விளக்கம். அதை நூறு முறை எழுதினாலும் கொப்பி கற்றுத் தராது.

தமிழ் எண்ணுப்பெயர்களில் பத்து முன்னுக்கும் ஒன்று பின்னுக்கும் வருவது நமக்குப் பெரிய உதவி. சொல்லுகிற ஒழுங்கும் எழுதுகிற ஒழுங்கும் ஒன்றுதான். இடறுவது ஒன்பதில். இருபது, முப்பது, நாற்பது எல்லாம் "பது" என்று முடியும்போது, ஒன்பதும் அப்படியே முடிகிறது, ஆனால் அது வெறும் ஒன்பதுதான். தொண்ணூறில் "நூறு" கேட்கிறது, ஆனால் அது நூறு இல்லை. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு சொல் இருந்தது. தொண்ணூறும் தொள்ளாயிரமும் அந்தத் தடத்தில் நிற்பவை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் தொண்ணூற்று நான்குக்கு 104 எழுதிய பிள்ளை கவனக்குறைவால் எழுதவில்லை, நன்றாகக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறது என்று ஆசிரியர் அறிந்திருந்தால், சிவப்புப் பேனை அவ்வளவு வேகமாக ஓடாது.

முதல் முயற்சி

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் எழுதியதை ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படித்திருப்போம். பிள்ளை முதலில் கையால் செய்து அறிகிறது, பிறகு படமாக, அதற்குப் பிறகுதான் குறியீடாக. நான் முதலாம் படியை அரைகுறையாகச் செய்துவிட்டு மூன்றாம் படிக்குத் தாவியிருந்தேன். சரி, திரும்ப முதற்படியில் இருந்து தொடங்குவோம் என்று முடிவு செய்தேன்.

இரண்டு ஈர்க்கு விளக்குமாறுகளைப் பிரித்து, நாலு அங்குலத் துண்டுகளாக வெட்டி, நுனிகளைக் கத்தரிக்கோலால் மட்டமாக்கினேன். ஐந்து குழுவுக்கும் சராசரியாக அறுபது துண்டுகள். பத்துப் பத்தாக எண்ணி றப்பர் வளையம் போட வேண்டும். சின்ன விரல்களுக்கு வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவது கடினம். ஒருவர் பிடிக்க மற்றவர் போடட்டும் என்றதும் அது சரிவந்தது. இரண்டு பேருக்கு விரலில் ஈர்க்குச் சிராய் ஏறியது. அடுத்த நாள் துண்டுகளை எல்லாம் துணியால் உருவித் துடைத்துக் கொடுத்தேன்.

அன்று எல்லாம் நன்றாக நடந்தது போலத்தான் இருந்தது. கட்டுகள் அழகாக வந்தன. நான் மகிழ்ந்துபோய் அவற்றை யன்னல் ஓரத்தில் வரிசையாக அடுக்கி, "எங்கள் பத்துகள்" என்று மட்டையில் எழுதியும் வைத்தேன்.

ஒரு குழுவில் மட்டும் ஒரு கட்டில் பன்னிரண்டு இருந்தது. கட்டியவன் சந்தையில் விற்கும் தாயின் மகன். "எண்ணுவதில் பிழை, கவனம் தேவை" என்று அவதானக் குறிப்பில் எழுதினேன். அந்தக் குறிப்பைப் பிறகு திருத்த வேண்டி வந்தது.

ஒரு கிழமை கழித்து மீண்டும் சொல்வதெழுதல். 203 அப்படியே இருந்தது. முப்பத்துநான்கைக் காட்டுங்கோ என்றால், மூன்று கட்டு முன்னால் இருந்தும், கட்டுக்குள் விரலை விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பத்துநான்கு வரை எண்ணினார்கள். கட்டுவது அவர்களுக்கு ஒரு கைவேலை. பத்தை ஒன்றாகப் பார்ப்பதற்கும் அதற்கும் இன்னும் தொடர்பு ஏற்படவில்லை.

இந்த இடத்தில் நான் செய்யக்கூடியது இரண்டு. "பொருள் கொடுத்தும் பார்த்தாச்சு" என்று கரும்பலகைக்குத் திரும்பலாம். அல்லது பொருள் கொடுத்த விதத்தில் என்ன குறை என்று பார்க்கலாம். அந்தக் கிழமையின் கடைசி நாள் பாடசாலை விட்ட பிறகு அரை மணி நேரம் யன்னல் ஓரத்துக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எல்லாவற்றிலும் மெல்லிய தூசு. கட்டிய நாளிலிருந்து ஒன்றையாவது யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்க வேண்டிய தேவையை நான் கொடுக்கவே இல்லை.

சந்தை மேசை

தை, மாசியில் யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் பனங்கிழங்கு குவிந்திருக்கும். ஆவணி, புரட்டாதியில் பாத்தியில் புதைத்த பனங்கொட்டை அந்த நேரம் கிழங்காகிவிடும். பிள்ளைகள் அன்றாடம் காண்பது. வகுப்பில் இரண்டு மேசையைச் சேர்த்துச் சந்தை வைத்தோம். ஈர்க்குத் துண்டுதான் கிழங்கு. விற்பவரிடம் மூன்று கட்டும் இரண்டு தனியும். வாங்குபவர் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டும்.

முதல் வாங்க வந்த பிள்ளை "ஏழு கிழங்கு தாங்கோ" என்றது. விற்ற பிள்ளை இரண்டு தனியையும் கொடுத்துவிட்டு முழித்தது. குழுவில் ஒருத்தி, "கட்டை அவிழ்க்கப்படாது. ரீச்சர் அடுக்கி வைச்சது" என்றாள். அப்போதுதான் என் பிழை எனக்கு முழுதாக விளங்கியது. அழகாகக் கட்டியதைப் பாராட்டி, காட்சிக்கு வைத்து, அது தொடக்கூடாத பொருள் என்று நானேதான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

நான் வாயைத் திறக்க முன்னம், பன்னிரண்டு வைத்துக் கட்டிய அந்தப் பையன் கையை நீட்டி ஒரு கட்டை எடுத்தான். வளையத்தைப் பெருவிரலால் உருட்டிக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டான். சந்தையில் அப்படித்தான் செய்வார்கள், வளையம் தொலையாமல் இருக்க. ஐந்தை எண்ணி முதல் இரண்டோடு சேர்த்துக் கொடுத்தான். மிச்சத்தை எண்ணாமலே, "அஞ்சு தனி கிடக்கு, ரெண்டு கட்டுக் கிடக்கு" என்றான்.

"எத்தினை கிடக்கு அப்பன்?" என்று கேட்டேன்.

"இருவத்தைஞ்சு."

சொல்வதெழுதலில் இதே பிள்ளை இருபத்தைந்துக்கு 205 எழுதியவன்.

அன்று பாடசாலை விட்டபோது அவனுடைய தாய் வந்திருந்தார். பன்னிரண்டு பற்றிக் கேட்டேன். "நான் தெரிஞ்ச ஆக்களுக்கு ரெண்டு கூட வைச்சுத்தான் ரீச்சர் கட்டிறனான். இவன் பின்னேரத்திலை எனக்குக் கட்டித் தாறவன்" என்றார். சந்தையில் கட்டு என்றால் பத்தும் உண்டு, இருபத்தைந்தும் உண்டு, வாங்குகிற ஆளைப் பொறுத்து என்றும் சொன்னார். நான் கவனக்குறைவு என்று எழுதியது அவன் வீட்டுத் தொழிலின் வழக்கம். எண்ணத் தெரிந்ததால்தான் சரியாக இரண்டு கூட வைத்திருக்கிறான். குறிப்பை வெட்டித் திருத்தி எழுதினேன்.

அதிலிருந்து ஒரு முடிவு பிறந்தது. சும்மா கட்டு என்று சொல்வதை விட்டோம். சந்தையில் கட்டுவது சந்தைக்கட்டு. வகுப்பில் கட்டுவது பத்துக்கட்டு, அதில் எப்போதும் பத்துத்தான். சொல் மாறியதும் அந்தப் பையனின் கட்டுகளில் பன்னிரண்டு வரவே இல்லை.

பிறகு இரண்டு கிழமை அநேகமாக ஒவ்வொரு நாளும் சந்தை. தனி பத்தானால் கட்ட வேண்டும், போதாவிட்டால் அவிழ்க்க வேண்டும். சீமெந்து நிலத்தில் வெண்கட்டியால் கோடிழுத்து இடப்பக்கம் பத்தினிடம், வலப்பக்கம் ஒன்றினிடம் என்று எழுதினேன். கட்டு இடப்பக்கம், தனி வலப்பக்கம். இரண்டாம் கிழமை நடுப்பகுதியில்தான் கட்டுக்குள் விரல் விட்டு எண்ணுவதை விட்டு, "பத்து, இருபது, முப்பது, முப்பத்தொன்று" என்று எண்ணத் தொடங்கினார்கள். எல்லோரும் ஒரே நாளில் அல்ல.

பூச்சியம் ஒளிந்த இடம்

பொருளில் சரியாகிவிட்டாலும் இலக்கத்தில் 203 போகும் என்று நம்பி இருக்க முடியாது. அதற்கு அடுக்கு மட்டை செய்தோம். 10, 20, 30 என்று 90 வரை நீள மட்டைகள். 1 முதல் 9 வரை அவற்றில் பாதி அகல மட்டைகள். பழைய கலண்டர் மட்டைதான். பிள்ளை இரண்டு பத்துக்கட்டுக்குக் கீழே 20ஐ வைக்கும், மூன்று தனிக்குக் கீழே 3ஐ வைக்கும். அப்போது நிலத்தில் தெரிவது 20 3. அவர்கள் எழுதிய அதே பிழை, கண்ணுக்கு முன்னால். பிறகு 3 மட்டையை எடுத்து 20இன் பூச்சியத்துக்கு மேலே வைக்க வேண்டும். 23 ஆகிவிடும்.

1004 எழுதிய பிள்ளை மட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. மூடும், திறக்கும், மூடும். நாலைந்து முறை. பிறகு பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது: "பூச்சியம் போகேல்லை. உள்ளுக்கை ஒளிச்சிருக்கு."

எத்தனையோ வருடம் இடப்பெறுமானம் படிப்பித்திருக்கிறேன். இதைவிட நல்ல விளக்கம் என்னிடமிருந்து வந்ததில்லை. அடுத்த நாளிலிருந்து வகுப்பில் யாராவது 407 எழுதினால், "பூச்சியத்தை ஒளி" என்று பக்கத்திலிருப்பவர் சொல்வார். தொண்ணூற்றுக்கும் இதே வழிதான் உதவியது. ஒன்பது பத்துக்கட்டை அடுக்கி, 90 மட்டையை வைத்து, "இதுக்குப் பேர் தொண்ணூறு" என்று பொருளைக் காட்டிப் பெயரைச் சொன்னோம். காதை மட்டும் நம்பவேண்டி இருந்தபோது வந்த குழப்பம் குறைந்தது.

எழுத்துச் சீட்டு

எழுத்துப் பக்கத்தில் என்ன செய்வது என்பது இதற்கிடையில்தான் பிடிபட்டது. சந்தையில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தது, பேச முடியவில்லை. "எழுதிக் குடு குஞ்சு" என்று ஒரு துண்டுக் கடதாசியைக் கொடுத்தேன். "14 தா" என்று எழுதிக் கொடுத்தது. விற்பவர் வாசித்துவிட்டு எண்ணிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் தங்களுக்குச் சீட்டு வேண்டும் என்றார்கள். அதுவரை என் வகுப்பில் எழுத்து என்பது எனக்குக் காட்ட எழுதுவது. ஒரு பிள்ளை எழுதியதை இன்னொரு பிள்ளை வாசித்து ஏதாவது செய்ததே இல்லை.

அதையே செயற்பாடாக்கினேன். இருவர் எதிரெதிரே. நடுவில் ஒரு புத்தகத்தை நிறுத்தி மறைப்பு. ஒருவர் ஈர்க்கும் புளியங்கொட்டையும் வைத்து ஏதாவது செய்வார். என்ன செய்தார் என்று சீட்டில் எழுதி மறைப்புக்கு மேலால் கொடுப்பார். மற்றவர் வாசித்து அப்படியே செய்ய வேண்டும். மறைப்பை எடுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பேசக்கூடாது. கேள்வி இருந்தால் சீட்டிலேயே எழுதிக் கேட்கலாம்.

பசுவைப் பற்றி எழுதிய பெண்பிள்ளையின் முதற்சீட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. "இது ஈர்க்கு. ஈர்க்கு உள்ளது. கட்டு உள்ளது. கொட்டை உள்ளது." எழுத்து ஒன்றும் கோட்டைத் தாண்டவில்லை. எதிரே இருந்த பையன் வாசித்தான், சீட்டைத் திருப்பிப் பார்த்தான், பிறகு அடியில் "எத்தின கட்டு" என்று கோணல்மாணலாக எழுதித் திருப்பிக் கொடுத்தான். அவள் வெகுநேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாளோ என்று நினைத்தேன். அவளுடைய எழுத்தைப் பார்த்து எல்லோரும் வடிவு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. கடைசியில் பென்சிலை எடுத்து, கட்டு என்ற சொல்லுக்கு முன்னால் நெருக்கி 4 என்று எழுதினாள். பிறகு கொட்டைக்கு முன்னால் 6. பிறகு கீழே புதிதாக ஒரு வசனம்: "கொட்டய கட்டுக்கு மேல வச்சன்."

அவள் தன் வாழ்க்கையில் சொந்தமாக எழுதிய முதல் வசனமாக அது இருக்கலாம். எழுத்துப் பிழையோடு வந்தது. எனக்கு அது பெரிய சந்தோசம்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் எழுதிக் கொடுத்தது எல்லாம் பேச்சுத் தமிழ். எடுத்தன், வச்சன், மூண்டு, அஞ்சு. உடனே திருத்தவா, விடவா? முதல் மூன்று கிழமைக்கு விடுவது என்று தீர்மானித்தேன். சீட்டு வாசிப்பவருக்கு விளங்கினால் அது வேலை செய்கிறது. சிவப்புக் கோடு விழுந்தால் திரும்பவும் "இது பசு"வுக்கே போய்விடுவார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. சீட்டுத் தொடங்கி நாலாம் கிழமையில் ஒரு நாள், எழுதியவரின் சம்மதத்தோடு ஒரு சீட்டைக் கரும்பலகையில் எழுதி, "புத்தகத்திலை இதை எப்படி எழுதுவினம்?" என்று கேட்டேன். எடுத்தன் பக்கத்தில் எடுத்தேன், மூண்டு பக்கத்தில் மூன்று. இரண்டையும் அழிக்கவில்லை. ஒன்று நாங்கள் கதைப்பது, மற்றது புத்தகத்தில் எழுதுவது. பிள்ளைகள் இதைப் பிரச்சினையில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

எழுத்துப் பிழை ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கொட்டை என்ற சொல் அடிக்கடி வந்ததால், கொ என்ற எழுத்தில் இருந்த சிக்கல் வெளியே வந்தது. காதுக்கு முதலில் க் கேட்கிறது, பிறகு ஒ. கையோ முதலில் கொம்பை (ெ) எழுத வேண்டும், பிறகு க, கடைசியில் அரவு (ா). சிலர் க எழுதி அரவும் போட்டுவிட்டு, கொம்பு போட முன்னால் இடமில்லாமல் விட்டிருந்தார்கள். "காட்டை" என்று வாசித்து எதிரே இருந்தவர் சிரித்ததும் பிழை அவர்களுக்கே தெரிந்தது. கொம்பு, க, அரவு மூன்றையும் தனித்தனி மட்டையில் வெட்டிக் கொடுத்தேன். வைத்துப் பார்த்து, பிறகு அரிசித் தட்டில் விரலால் எழுதினார்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது இருந்த அதே பச்சையரிசித் தட்டு. அநேகருக்கு நினைவிருந்தது. ஒரு பிள்ளை எழுத முன்னம் கைகூப்பிக் கும்பிட்டது.

பெற்றோரின் கேள்வி

மாசி நடுவில் சில பெற்றோர் அதிபரிடம் போனார்கள். கணிதக் கொப்பியில் ஒரு மாதமாக எட்டுப் பக்கம்தான் நிரம்பியிருக்கிறது. பக்கத்துப் பாடசாலைத் தரம் 2 கொப்பி முடிந்து இரண்டாவது தொடங்கியாயிற்றாம். ஒரு தகப்பன் என்னிடமே கேட்டார்: "பிழையா நினையாதேங்கோ ரீச்சர். வீட்டிலையும் விளையாட்டு, பள்ளிக்கூடத்திலையும் விளையாட்டோ? நாளைக்கு ஸ்கொலர்சிப்புக்கு இவை எப்பிடிச் செய்யிறது?"

அவருடைய கேள்வி நியாயமானது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை தலைக்கு மேல் தொங்கும் ஊரில், பிள்ளை என்ன படித்தது என்று வீட்டுக்குக் காட்டுவது கொப்பி மட்டும்தான். நான் செய்வதை வீட்டுக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு.

இரண்டு மாற்றம் செய்தேன். சீட்டுகளைத் திகதி போட்டுக் கொப்பியில் ஒட்டினோம். பக்கத்தில் பிள்ளை, தான் செய்ததைப் படமாக வரையும்: கட்டுக்கு நீளக் கோடு, தனிக்குப் புள்ளி. அதற்குக் கீழே எண். இது வீட்டுக்காகத் தொடங்கியது. ஆனால் கைக்கும் இலக்கத்துக்கும் நடுவே நான் தவறவிட்டிருந்த படம் என்ற படி அதனால்தான் வந்து சேர்ந்தது. இரண்டாவது, பெற்றோர் கூட்டத்தில் விளக்கம் கொடுப்பதற்குப் பதிலாக, அவர்களையே இருவர் இருவராக மறைப்புக்கு இருபுறமும் இருத்திச் சீட்டு எழுதவைத்தேன். ஐந்து சோடியில் மூன்று சோடிக்கு முதல் முறை பொருந்தவில்லை. கேள்வி கேட்ட தகப்பனின் சீட்டில் எந்தப் பக்கம் என்று இல்லை. அவர் மறைப்புக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அட, நான் அதை எழுதேல்லை" என்றார். பிறகு யாரும் கொப்பிப் பக்கத்தை எண்ணவில்லை. அடுத்த கிழமை ஒரு அம்மம்மா, வார்ந்து துடைத்த ஈர்க்கு ஒரு கட்டுக் கொண்டுவந்து தந்தார்.

தவணை முடிவில்

முதல் கிழமையில் எழுதிய அதே பத்து எண்களைத் தவணை முடிவில் திரும்பச் சொன்னேன். 203 வகையான பிழை நான்கு பேரிடம் மட்டும் இருந்தது. அவர்களில் இருவர், மட்டையைக் கொடுத்ததும் தாங்களே திருத்தினார்கள். "இருவத்துப்பத்து" முற்றாக நின்றுவிட்டது. சந்தைக்காரப் பையன் பத்தும் சரி. தவணைப் பரீட்சையில் புள்ளிகள் உயர்ந்ததை நான் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

எழுத்தில், இரண்டு வசனம் எழுதச் சொன்னால் கரும்பலகை வசனத்தை எழுதுபவர்கள் இரண்டு பேராகக் குறைந்தார்கள். பசுப் பிள்ளை, தன் வீட்டுப் பசுக்கன்று கயிற்றை அறுத்து ஓடியதைப் பற்றி ஐந்து வசனம் எழுதினாள். எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை பேர் துரத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. யாராவது கேட்பார்கள் என்று தெரிந்து எழுதியது போல.

ஒரு பிள்ளைக்கு இந்தத் தவணையால் பயன் கிடைக்கவில்லை. அவன் அடிக்கடி வராதவன். வந்த நாட்களில் குழுவோடு இருந்து மற்றவர்கள் செய்வதைச் செய்தான். பங்குனியில்தான் தனியே இருத்திப் பார்த்தேன். ஏழு கொட்டையைத் தொட்டு எண்ணும்போது ஒன்றை இரண்டு முறை எண்ணினான், ஒன்றை விட்டான். ஒரு கொட்டைக்கு ஒரு சொல் என்ற இடத்திலேயே அவன் நிற்கிறான். அவன் கையில் பத்துக்கட்டைக் கொடுத்து என்ன பயன்? குழுவின் சத்தத்தில் அவனுடைய மௌனம் எனக்குக் கேட்கவில்லை. பொருளும் விளையாட்டும் நிறைந்த வகுப்பில், ஒன்றும் விளங்காத பிள்ளை கூடச் சுறுசுறுப்பாகத் தெரியும். கொப்பி வேலை என்றால் வெறும் பக்கம் அவனைக் காட்டிக்கொடுத்திருக்கும். இதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த முறை மாற்றுவது

முதல் கிழமையிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் ஐந்து நிமிடம் தனியே இருத்தி, இருபது கொட்டையை எண்ணவைத்துப் பார்ப்பேன். 22 பேருக்கு நாளைக்கு நாலைந்து பேராக ஒரு கிழமை போதும். அந்தப் பையனுக்கு இரண்டாம் தவணையில் பத்துக்கட்டைத் தள்ளிவைத்துவிட்டு, முட்டை மட்டையின் குழிகளில் ஒரு குழிக்கு ஒரு கொட்டை என்று தொடங்கியிருக்கிறேன். இப்போது எட்டு வரை பிசகாமல் வருகிறது.

கட்டுகளைக் காட்சிக்கு வைக்கமாட்டேன். ஒவ்வொரு நாளும் பாடம் முடிய எல்லாக் கட்டையும் பிள்ளைகளே அவிழ்த்துப் பெட்டியில் போடுவார்கள். அடுத்த நாள் புதிதாகக் கட்டுவார்கள்.

சீட்டை நாலாம் கிழமை வரை தாமதிக்காமல் முதல் நாளே தொடங்குவேன். எழுத முடியாதவர் வரையட்டும். மறைப்பு விளையாட்டில் எப்போதும் ஒரே சோடி இருந்ததால், சிலர் தங்களுக்குள் ஒரு சுருக்கெழுத்தை உண்டாக்கிவிட்டார்கள். க4 கொ6 என்றால் அவர்களுக்கு விளங்கும், வேறு யாருக்கும் விளங்காது. கெட்டித்தனம்தான், ஆனால் வசனம் எழுதுவது நின்றுபோனது. இனிக் கிழமைக்கு ஒரு தரம் சோடி மாறும்.

ஈர்க்கு வெட்டுவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கப் போகிறேன். உங்கள் வீட்டில் எதை எதைக் கட்டாகக் கட்டுவீர்கள், ஒரு கட்டில் எத்தனை வைப்பீர்கள்? வெங்காயத்தார், முளைக்கீரை, புகையிலை, விறகு என்று என்னவெல்லாம் வரும் என்று பார்க்க வேண்டும். வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.